கோதண்டத்துக்குள் இருந்த தனலட்சுமி

போன மாதக் கடைசியில் ஒரு சாயங்காலம். திண்டிவனத்தில் ஓர் ஆஸ்பத்திரி வராந்தா. ஒருவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "நீங்க நல்லா இருக்கணும் சார்" என்று அழுதார்.

எனக்குத் தரை பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்று இருந்தது.

என்னைத் திட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஓட்டலில் தட்டு கழுவியபோது எச்சில் தண்ணீரை முகத்தில் ஊற்றியிருக்கிறார்கள். லாரியில் கிளீனராகப் போனபோது நடுவழியில் இறக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். எல்லாம் கொஞ்ச நாள் வலித்தது, அப்புறம் போய்விட்டது. ஆனால் ஒருவர் நன்றி சொல்லி நான் கூசிப்போனது இதுதான் முதல் தடவை.

விஷயத்தை வரிசையாகவே சொல்லிவிடுகிறேன்.

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் என் சிநேகிதன் சேகர் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். கடை பேருக்குத்தான். அவனுக்கு முழுநேர வேலை ரத்ததானக் குழு. ஞாயிற்றுக்கிழமை ஆனால் நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு காணை, திருவாமாத்தூர், வானூர் என்று கிளம்பிவிடுவான். ஊரில் கேம்ப் போட்டு, யாருக்கு என்ன ரத்த வகை என்று பார்த்து, பேரும் போன் நம்பரும் வாங்கி வருவார்கள். ஆஸ்பத்திரியில் யாருக்காவது ரத்தம் வேண்டுமென்றால் சேகருக்குப் போன் வரும். அவன் ஆளைத் தேடி அனுப்பிவைப்பான்.

தேடித் தருவது ஒரு புரோகிராம். அதை எழுதியவன் நான்.

இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் படிப்பு என்னவென்று தெரியும். ஒன்பதாவதில் பாதி. வீட்டை விட்டு ஓடினேன். ஓசூர், பெங்களூர், சூரத் என்று கால் போன பக்கமெல்லாம் போனேன். கடைசியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பெருக்கித் துடைக்கிற வேலை கிடைத்தது. வகுப்பு முடிந்து எல்லோரும் போனதும் போர்டில் இருப்பதைப் பார்த்துத் தட்டிப் பார்ப்பேன். சென்டர்காரர் நல்ல மனிதர், கரண்ட் பில் ஏறுகிறது என்று முணுமுணுத்ததோடு விட்டுவிட்டார். அப்படித்தான் கற்றுக்கொண்டேன். சர்டிபிகேட் கிடையாது. ஆனால் என் புரோகிராம் ஓடும். ஓடுகிற புரோகிராமிடம் போய் யார் சர்டிபிகேட் கேட்கப்போகிறார்கள்?

கொஞ்சம் திமிர்தான்... தெரிகிறது.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை நான் சேகரின் கடையில் இருந்தேன். போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டான்.

"சார், என் பேரு ஏழுமலை சார். வானூர் பக்கம், மினி டெம்போ ஓட்றேன். சம்சாரத்த திண்டிவனத்துல சேத்திருக்குது. தலப்பிரசவம். நஞ்சுக்கொடி கீழ எறங்கிக்கினு இருக்குதாம், இன்னிக்கே ஆபரேஷன் பண்ணணுன்றாங்க. ஓ நெகட்டிவ் ரத்தம் ரெண்டு பாக்கெட்டு கையில இருந்தாத்தான் தியேட்டருக்கு ஏத்துவேன்றாங்க டாக்டரம்மா."

"ஒறவுல யாருக்கும் இல்லியாப்பா?"

"எல்லாரையும் பாத்தாச்சி சார். யாருக்கும் சேரல. ஜல்தி பாருங்க சார்... லேசா கசிய ஆரம்பிச்சிடுச்சாம்."

சேகர் என்னைப் பார்த்தான். நான் ஏற்கெனவே தட்டிக்கொண்டிருந்தேன். ஓ நெகட்டிவ். என்டர்.

திரையில் பூஜ்ஜியம்.

"யாருமே இல்ல" என்றேன்.

"ஒருத்தர் கூடவா?"

"நெகட்டிவ் குரூப்பே கம்மி. அதுல ஓ நெகட்டிவ்... இல்லன்னா இல்லதான்."

சேகர் புதுச்சேரியில் தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டான். ஒரு ரத்த வங்கியில் ஒரே ஒரு பாக்கெட் இருப்பதாகச் சொன்னார்கள். அதை வாங்க ஏழுமலை பைக்கை எடுத்துக்கொண்டு ஓடினார். இரண்டாவது எங்கேயும் இல்லை.

அப்போதுதான் சேகர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு சொன்னான்.

"யோவ், காணை கேம்ப்புல ஒரு அம்மா இருந்தாங்கய்யா. ஓ நெகட்டிவ்னு வந்துச்சி. நான்கூட 'உங்க ரத்தம் லேசுல கெடைக்காதும்மா, பத்திரமா இருங்க'ன்னு சொன்னேன். மஞ்சா பொடவ. ஊசி குத்தறப்போ எல்லாரும் கண்ண மூடிக்குவாங்க, அந்த அம்மா மட்டும் ஊசியவே பாத்துகினு இருந்தாங்க."

"பேரு?"

"பேருதான் வரல."

"பொடவ கலர வெச்செல்லாம் தேட முடியாதுப்பா."

"வெளாடாத. இருந்தாங்க. எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது."

நான் சிரித்தேன். சிரித்துவிட்டு ஒரு வாக்கியம் சொன்னேன். அதை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன்: "ஞாபகம் தப்பும் சேகரு. கம்ப்யூட்டர் தப்பாது."

அவன் விடவில்லை. நானும் விடவில்லை. உனக்கு வேறு ஊர் கேம்ப்போடு குழம்பியிருக்கும் என்றேன். அது பாசிட்டிவாக இருக்கும் என்றேன். உன் நோட்டீஸ் மாதிரியே நீயும் கொஞ்சம் ஓவர் என்றேன். ("ஒரு நொடியில் ரத்தம்" என்று நோட்டீஸ் அடித்துக் கடை வாசலில் ஒட்டியிருந்தான், பாவம். என் புரோகிராமை நம்பி.)

மதியம் ஏழுமலை மறுபடி கூப்பிட்டார். பின்னால் பஸ் ஹாரன் சத்தம்.

"ஒண்ணு வாங்கிட்டேன் சார். திண்டிவனம் போய்க்கினு இருக்கறேன். இன்னொண்ணு இல்லாம கத்தி வெக்க மாட்டேன்னுட்டாங்க. எதனா ஆச்சா சார்?"

"தேடிக்கினே இருக்கறோம்பா" என்றான் சேகர்.

நான் அப்போது மசால் வடை தின்றுகொண்டிருந்தேன்.

போனை வைத்ததும் சேகர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வை தாங்காமல், இவன் வாயை ஒரேயடியாக அடைத்துவிடலாம் என்றுதான்—உதவி செய்ய வேண்டும் என்றுகூட இல்லை—தகவல்கள் இருக்கிற ஃபைலையே நேராகத் திறந்தேன். புரோகிராம் வேண்டாம், வெறும் எழுத்தாகப் பார்த்துவிடலாம். ஃபைண்டில் ஓ நெகட்டிவ் என்று போட்டேன்.

கர்சர் கீழே ஓடியது. ஓடி, ஒரு இடத்தில் நின்றது.

நான் வடையைக் கீழே வைத்தேன்.

அங்கே என்ன இருந்தது என்று சொல்லும் முன், அந்த ஃபைல் எப்படிப்பட்டது என்று சொல்ல வேண்டும். அதற்கு எக்ஸ்.எம்.எல். என்று பேர். பயந்து பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். தகவலை எழுதிவைக்கிற ஒரு முறை, அவ்வளவுதான். ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். வாசல் கதவைத் திறந்தால் கூடம். கூடத்துக்குள் அறை. அறைக்குள் பீரோ. ஒவ்வொரு கதவிலும் உள்ளே என்ன இருக்கிறது என்று பேர் எழுதியிருக்கும். திறந்த கதவைத் திரும்பி வரும்போது மூட வேண்டும், இல்லையென்றால் கம்ப்யூட்டர் கத்தும். அறைக்குள் அறை, அதற்குள் அறை என்று எவ்வளவு ஆழம் வேண்டுமானாலும் போகலாம்.

புரோகிராம் வேறு ஜாதி. நான் எழுதுகிற மாதிரி புரோகிராமில் எல்லாமே 'ஆப்ஜெக்ட்'. இட்லித் தட்டு போல முதலில் ஒரு அச்சு செய்ய வேண்டும். அதில் எத்தனை குழி, எந்தக் குழியில் என்ன என்று எழுதுகிறவன் முடிவு செய்வான். பிறகு ஊற்ற ஊற்ற அதே அளவில் ஆப்ஜெக்ட் வந்துகொண்டே இருக்கும். சேமிக்க வேண்டுமென்றால் தட்டில் இருப்பதை எடுத்து அந்த வீட்டு அறைகளுக்குள் வைக்க வேண்டும். தேட வேண்டுமென்றால் அறைகளிலிருந்து எடுத்து மறுபடி தட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். வீட்டின் உருவம் வேறு, தட்டின் உருவம் வேறு. மாற்றி மாற்றி வைக்கும்போது ஏதாவது சிந்தும். சிந்தாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலையே.

சரி, அச்சு எப்படிச் செய்தேன்? கேம்ப்பில் நடப்பதைப் பார்த்துச் செய்தேன். எங்கள் பக்கம் ஒரு குடும்பம் கேம்ப்புக்கு வந்தால் ஒருவர்தான் பேசுவார். அநேகமாக வீட்டு ஆண். "எழுதிக்கப்பா, கோதண்டம். நம்பர் இது. இது என் சம்சாரம், இது தம்பி, இது தம்பி சம்சாரம். எல்லாருக்கும் இந்த நம்பர்தான்" என்பார். அப்படியே வாங்கிக்கொண்டு வருவார்கள். எதற்கு ஒரே நம்பரைத் திரும்பத் திரும்ப அடிக்க வேண்டும் என்று நான் வேலையைச் சுருக்கினேன். வீட்டுக்கு ஒரு பதிவு. குடும்பத் தலைவர், அவர் நம்பர், அவர் ரத்த வகை. மற்றவர்களை எல்லாம், பேரும் ரத்த வகையும் சேர்த்து, 'உறுப்பினர்கள்' என்று ஒரு மூட்டையாகக் கட்டி அவருக்குள் வைத்துவிட்டேன்.

தேடுவதற்கென்று ரத்த வகைக்கு என் தட்டில் ஒரே ஒரு குழி. தலைவருக்கு மட்டும்.

சேமிக்கும்போது எல்லாம் பத்திரமாக உள்ளே போனது. ஒரு எழுத்துகூடக் குறையவில்லை. ஆனால் தேடும்போது? என் புரோகிராம் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, "தலைவரே, உங்க ரத்தம் என்ன?" என்று கேட்டது. பதிலை வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டது. உள்ளே வேறு யாராவது இருக்கிறார்களா என்று ஒரு கேள்வி... அதை நான் எழுதவே இல்லை.

இத்தனை நாள் எப்படித் தெரியாமல் போனது? கேட்டபோதெல்லாம் யாராவது கிடைத்துக்கொண்டே இருந்தார்கள். பி பாசிட்டிவ் என்றால் திரை முழுக்கப் பேர் வரும். வந்த பேரைப் பார்த்துச் சந்தோஷப்பட்டோம். வராத பேரை யார் தேடுவார்கள்?

கர்சர் நின்ற இடத்தில் இருந்தது இதுதான். வெளிக் கதவு: காணை, கோதண்டம், பி பாசிட்டிவ். அதற்கு உள்ளே, உள்ளே: தனலட்சுமி. ஓ நெகட்டிவ்.

சேகர் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான். ஒரு கெட்ட வார்த்தை சொல்வான் என்று எதிர்பார்த்தேன். சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் போனை எடுத்து கோதண்டத்தின் நம்பரைப் போட்டான்.

"இன்னா சேகரு, மறுபடியும் நானா? போன மாசந்தான குடுத்தேன்?"

"நீங்க இல்லண்ணே. அண்ணி. அவசரம். ஒரு பிரசவம்."

"அவளா? அவளுக்கு ஏது ரத்தம்? ஒடம்புல எலும்புதான் இருக்குது" என்று சிரித்தார். பிறகு குரல் மாறியது. "அவ கழனியில களை வெட்டிக்கினு இருக்கறா. இரு, கூப்புட்டு வர்றேன். மயக்கம் கியக்கம் வராதுல்ல?"

"உங்களுக்கு வந்துச்சா?"

"எனக்கு வர்ல."

"அப்ப அவங்களுக்கும் வராதுண்ணே. கெளம்புங்க."

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தேன். கோதண்டம் பைக்கில் அந்த அம்மாவை உட்காரவைத்துக்கொண்டு வந்தார். களை வெட்டுவதற்காகப் புடவைக்கு மேல் போட்டிருந்த கோதண்டத்தின் பழைய சட்டையைக்கூட அவர் கழற்றவில்லை. முழங்கை வரை மண். குழாயில் கைகால் கழுவிக்கொண்டு நேராக பஸ்ஸில் ஏறினார்.

சேகர் கடையிலேயே இருந்து ஆஸ்பத்திரிக்குப் பேசிக்கொண்டிருந்தான். நான்தான் கூடப் போனேன். சென்னை பஸ். நாங்கள் மூன்று பேரும் ஒரே சீட்டில்.

பஸ் ஊரைத் தாண்டியதும் அந்த அம்மா என் பக்கம் திரும்பினார்.

"ஏன் தம்பி, இத்தினி நாளா என்னிய ஏன் கூப்புடல?"

நான் பதிலைத் தேடுவதற்குள் அவரே பேசினார்.

"இவருக்கு மூணு வாட்டி போன் வந்துச்சி. ஒவ்வொரு வாட்டியும் போயி குடுத்துட்டு வந்தாரு. துண்டு போத்தி போட்டோ எல்லாம் எடுத்தாங்க. வூட்ல மாட்டி வெச்சிருக்காரு. என் ரத்தம் லேசுல கெடைக்காதுன்னு அந்த சேகர் தம்பி சொல்லிச்சி. அதான் எப்ப கூப்புடுவாங்க, எப்ப கூப்புடுவாங்கன்னு பாத்துகினு இருந்தேன். ஒரு நாளு இவர்கிட்ட கேட்டேன். 'உன் ரத்தம் வேலைக்கி ஆவாதுன்னு தூக்கிப் போட்டுருப்பாங்க'ன்னாரு."

"வெளாட்டுக்குச் சொன்னேன் தனம்" என்றார் கோதண்டம்.

"வெளாட்டுதான். யாரு இல்லன்னா?" அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "ஆனா நான் போயி டெஸ்ட்டு எடுத்துட்டு வந்தேன்."

"எப்ப?"

"கூலிக்கி மல்லாட்டத் தோலு ஒடச்சிக் குடுக்கப் போறேன்னு சொன்னேனே, அன்னிக்கி. விழுப்புரம் போயி எடுத்தேன். ரத்தத்துல எதனா சீக்கு இருக்குதோ, அதான் வேணாம்னு ஒதுக்கிட்டாங்களோன்னு பயமாப் போச்சி."

கோதண்டம் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்த அம்மா பக்கம் திரும்பினார்.

"எல்லாம் சரியா இருக்குதுன்னாங்க தம்பி. அப்ப ஏன் கூப்புடலன்னு அது இன்னும் பேஜாரு."

அந்த நிமிஷம் வரைக்கும் என் மனசில் இருந்த கணக்கு வேறு. தப்பு நடந்தது, கண்டுபிடித்துவிட்டோம், ஆளைக் கூட்டிப் போகிறோம், முடிந்தது. கம்ப்யூட்டர் வேலையில் இதெல்லாம் சகஜம் என்றுகூட எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். நான் எழுதாமல் விட்ட அந்த ஒரு கேள்வி ஒரு பொம்பளையைத் தனியாக பஸ் ஏறவைத்து, யாருக்கும் தெரியாமல் லேப் வாசலில் பயந்துகொண்டு உட்காரவைக்கும் என்று யார் நினைத்தது?

"உங்க பேரு இருந்துச்சிக்கா" என்றேன். "அண்ணன் பேருக்கு உள்ள இருந்துச்சி. நான் தேடறப்போ உள்ள பாக்கல."

"உள்ளன்னா?"

"குடும்பத் தலைவர்னு அண்ணன் பேரப் போட்டு, மத்தவங்கள அவருக்குள்ள வெச்சிட்டேன்."

அந்த அம்மா கொஞ்சம் யோசித்தார்.

"எங்க வூட்டு ரேஷன் கார்டுல குடும்பத் தலைவி நானாச்சே?"

"ஆமா சார்" என்றார் கோதண்டம். "கார்டுல அவ போட்டோதான் இருக்குது."

"அரிசி வாங்கறதுக்கு நான் தலைவி. ரத்தம் குடுக்கறதுக்கு அவரு தலைவரா?"

அதை அவர் கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். விக்கிரவாண்டி டோல்கேட் வரும்வரை நான் பஸ் டிக்கெட்டை மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

ஒன்று சொல்ல வேண்டும். நான் வீட்டை விட்டு ஓடிய பிறகு எங்கள் வீட்டு ரேஷன் கார்டில் என் பேரை அடித்துவிட்டார்கள். நியாயம்தான், ஆள் இல்லை. அதற்கப்புறம் பல வருஷம் எந்த ஊரிலும், எந்தக் கார்டிலும் என் பேர் கிடையாது. வெளியூரில் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் விழுந்து கிடந்தபோது, "யாரோட ஆளு நீ?" என்று கேட்டார்கள். சொல்ல ஒருவர் பேரும் வாயில் வரவில்லை. யாருக்காவது உள்ளே இருந்தால்தான் படுக்கை தருவார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு தரையிலேயே படுத்துக்கொண்டேன்.

அப்படிப் பட்டவன்தான் உட்கார்ந்து இந்த அச்சைச் செய்தான். படாதவன் செய்திருந்தால்கூட மன்னிக்கலாம்.

திண்டிவனத்தில் இறங்கியபோது வெயில் தணிந்திருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் ஏழுமலை நின்றுகொண்டிருந்தார். காக்கிச் சட்டை முழுக்க வியர்வை. எங்களைப் பார்த்ததும் ஓடிவந்தார். தனலட்சுமி அம்மாவைப் பார்த்து என்ன சொல்வது என்று தெரியாமல், "வாங்கம்மா, வாங்கம்மா" என்று மட்டும் சொல்லிக்கொண்டே முன்னால் நடந்தார்.

விரலில் ஊசி குத்திப் பார்த்த நர்ஸம்மா புருவத்தை உயர்த்தினார். ரத்தம் குறைவாக இருந்தால் எடுக்கமாட்டார்கள். எலும்புதான் இருக்கிறது என்று கோதண்டம் சொன்னது என் காதிலேயே இருந்தது.

"நல்லா இருக்கேம்மா. என்ன சாப்புட்றீங்க?"

"கேப்பக் கூழுதான்."

"நானுந்தாங்க அதே கூழு குடிக்கறேன்" என்றார் கோதண்டம். யாரும் கேட்கவில்லை.

ரத்தம் எடுக்கும்போது கதவு பாதி திறந்திருந்தது. சேகர் சொன்னது சரிதான். அந்த அம்மா கண்ணை மூடவே இல்லை. குழாயில் ரத்தம் இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார்... வயலில் தண்ணீர் பாய்வதைப் பார்ப்பது போல.

பாக்கெட்டைப் பரிசோதனைக்குக் கொண்டுபோனார்கள். அது முடிவதற்குள் எத்தனை தடவை வராந்தாவில் நடந்தேனோ. உள்ளே ஏழுமலையின் மனைவி. நான் அவர் முகத்தைப் பார்த்ததுகூட இல்லை. காலையிலேயே உள்ளே போயிருக்க வேண்டியவர். பூஜ்ஜியம் என்று நான் சொன்ன நேரத்திலிருந்து இந்த நேரம் வரைக்கும் கசிந்ததெல்லாம் யார் கணக்கு?

ரத்தம் தயார் என்றதும் தியேட்டருக்கு ஏற்றினார்கள். பொழுது சாய்கிற நேரத்தில் நர்ஸம்மா கதவைத் திறந்து தலையை நீட்டினார். பெண் குழந்தை. இரண்டு பாக்கெட்டும் ஏற வேண்டியிருந்தது. தாய் பிழைத்துக்கொண்டார்.

ஏழுமலை என் கைகளைப் பிடித்தது அப்போதுதான்.

"உங்க கம்ப்யூட்டர் இல்லன்னா என் சம்சாரம் இல்ல சார்."

நான் தனலட்சுமி அம்மாவைப் பார்த்தேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்து, கொடுத்த ஜூஸை ஸ்ட்ரா போட்டு உறிஞ்சிக்கொண்டிருந்தார். என்னைக் காட்டிக் கொடுக்க ஒரு வார்த்தை போதும். அவர் சொல்லவில்லை. நான் சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"பரவால்லங்க."

அப்படித்தான் சொன்னேன். ஏதோ என் ரத்தம் மாதிரி.

திரும்பி வரும் பஸ்ஸில் அந்த அம்மாவிடம் கேட்டேன். "அக்கா, அடுத்த வாட்டி அண்ணனுக்குப் போன் பண்ணாம உங்களுக்கே பண்ணணும்னா..."

அவர் போட்டிருந்த சட்டைப் பையிலிருந்து ஒரு போனை எடுத்தார். நல்ல போன். என்னுடையதை விடப் புதுசு.

"இது எப்ப வாங்கினீங்க?"

"கேம்ப் அன்னிக்கே கையிலதான் இருந்துச்சி. நீங்க யாரும் கேக்கல."

மறுநாள் கடைக்குப் போய் அந்த அச்சை உடைத்தேன். புதிதாகச் செய்தேன். ஆளுக்கு ஒரு பதிவு, ஆளுக்கு ஒரு ரத்த வகை, ஆளுக்கு ஒரு நம்பர். பழைய ஃபைலில் ஒவ்வொரு கதவாகத் திறந்து உள்ளே இருந்தவர்களை வெளியே கொண்டுவந்தேன். மனைவிகள், மருமகள்கள், தங்கைகள். கொஞ்சம் தம்பிகள். திரை கொள்ளாமல் பேர் வந்துகொண்டே இருந்தது. சேகர் எழுந்து போய் வாசலில் ஒட்டியிருந்த நோட்டீஸைக் கிழித்துவிட்டு வந்தான்.

பிறகு பழைய நம்பரில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு அவரவர் நம்பரை வாங்கினோம், மன்னிப்புக் கேட்டோம். சிலர் சிரித்தார்கள். ஒரு பெண், "இத்தினி நாளு கழிச்சி இப்பதான் தெரியுதா நான் இருக்கறது?" என்று கேட்டுவிட்டு, பரவாயில்லை, எப்போது வரவேண்டும் என்றும் கேட்டார்.

சேகர் திரையைப் பார்த்தான்.

"குடும்பத் தலைவர்னு ஒரு கட்டம் இருந்துச்சே, எங்கய்யா?"

"எடுத்துட்டேன்."

"அப்ப வூட்டுக்கு யாருதான் தலைவரு?"

"அத ரேஷன் கடையில போயி கேளு."

இத்தோடு விட்டிருக்கலாம். சேகரும் அதைத்தான் சொன்னான். "தாயும் புள்ளயும் நல்லா இருக்கறாங்க. அந்த ஆளு உன்ன சாமி மாதிரி நெனச்சிக்கினு இருக்கறாரு. நீ ஏன் போயி கெளர்ற?" நியாயமான கேள்விதான். ஆனால் எனக்குச் சேராத நன்றியை என் பையில் வைத்துக்கொண்டு எத்தனை நாள் திரிவது? முந்தாநாள் ஏழுமலைக்குப் போன் போட்டேன்.

நடந்ததைச் சொன்னேன். அச்சு, வாசல், அறை எல்லாம் இல்லை. காணை அம்மாவின் பேர் காலையிலிருந்தே எங்களிடம் இருந்தது, நான் சரியாகத் தேடவில்லை, அதனால்தான் நேரமானது என்று மட்டும்.

பின்னால் குழந்தை சிணுங்குகிற சத்தம் கேட்டது.

"மதியம் நான் பாண்டி ரோட்டுல வண்டிய ஓரங்கட்டி நின்னு அழுதுகினு இருந்தேன் சார். அப்ப அந்த அம்மா காணையிலதான் இருந்தாங்களா?"

"ஆமாங்க. கழனியில."

"நான் அப்ப உங்களுக்குப் போன் பண்ணி பேசினப்பகூட?"

"ஆமாங்க."

"சரி சார். கொழந்த அழுவுது. அப்பறம் பேசறேன்."

இன்னும் பேசவில்லை. நானாக இருந்தாலும் பேசமாட்டேன்.